சின்ன எண்ணைத் தொடாதீர்கள்

வேதியியல் கேள்வி – பதில்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடும். இந்த முறை ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வது, அதாவது அம்புக்குறியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும்படி செய்வது. அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். சமன்பாடுகளைக் குறியீட்டில் தராமல் பொருள்களின் பெயரிலேயே எழுதுகிறேன். வாய்விட்டுப் படித்தால் எது எதோடு சேர்கிறது என்பது மனத்தில் நிற்கும். பெயருக்கு முன்னால் வரும் எண், மூலக்கூறுகளின் எண்ணிக்கை. உங்கள் நோட்டில் குறியீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆகும் சமன்பாட்டில், வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைகிறது என்று தண்ணீரின் ஆக்சிஜனுக்குக் கீழே சின்னதாக ஒரு 2 போட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? சிவப்பு மையில் அடித்துப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். நான் பி.காம். படித்தவள், எனக்கும் விளக்கத் தெரியவில்லை.
— ஓர் அம்மா, தேவகோட்டை

பதில்: உங்கள் மகளின் கூட்டலில் பிழை இல்லை அம்மா. ஆனால் அந்தச் சின்ன 2 விழுந்த உடனே வலப்பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் போய்விட்டது. ஹைட்ரஜன் இரண்டும் ஆக்சிஜன் இரண்டும் சேர்ந்த மூலக்கூறுக்குப் பெயர் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் பழுப்புநிற பாட்டிலில் கிடைக்குமே, புண்ணில் பட்டால் நுரைத்துக்கொண்டு வருமே, அதில் இருப்பது அதுதான். திருப்பூரில் பருத்தித் துணியை வெளுக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். குடிக்கிற தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. கேள்வி தண்ணீரைக் கேட்டது, உங்கள் பெண் வேறொரு பொருளைத் தந்திருக்கிறாள். அடித்தது சரி. ஏன் அடித்தோம் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம். பூஜ்யத்தைப் பார்க்கிற பிள்ளை, தனக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். எண்ணியதில் தவறில்லை, கை வைத்த இடம்தான் தவறு.

அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். சைக்கிளுக்கு இரண்டு சக்கரம். இன்னும் சக்கரம் வேண்டுமென்றால் இன்னொரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தலாம். இருக்கிற சைக்கிளிலேயே மூன்றாவது சக்கரத்தை மாட்டினால் அது ரிக்‌ஷா ஆகிவிடும். சமன் செய்யும்போது நம்மால் முடிவது சைக்கிள்களைக் கூட்டுவது மட்டும்தான், அதாவது பெயருக்கு முன்னால் பெரிய எண் போடுவது. எழுத்தின் காலடியில் இருக்கிற சின்ன எண், அந்தப் பொருள் எதனால் ஆனது என்று சொல்கிறது. அதை மாற்றும் உரிமை நமக்குக் கிடையாது.

இனி அந்தக் கணக்கையே எடுங்கள். வலப்பக்கம் ஆக்சிஜன் குறைகிறதா? இன்னொரு தண்ணீர் மூலக்கூறைக் கொண்டுவாருங்கள். இப்போது ஆக்சிஜன் 2 ஆகிவிட்டது, ஆனால் கூடவே ஹைட்ரஜன் 4 ஆகிவிட்டது. சரி, இடப்பக்கத்தில் ஹைட்ரஜன் மூலக்கூறை இரண்டாக்குங்கள்.

2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 தண்ணீர்

ஒரு சின்ன எண்ணுக்கா இவ்வளவு என்று அவள் கேட்டால் அடுப்புக்கரியைச் சொல்லுங்கள். காற்று தாராளமாக இருந்தால் ஒரு கார்பன் இரண்டு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளியே விடுவது, சோடாவில் குமிழாக வருவது. காற்று போதவில்லை என்றால் ஓர் ஆக்சிஜன் அணுவோடு நின்று கார்பன் மோனாக்சைடு ஆகும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். கொடைக்கானல் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அங்கே நடந்தது அந்தச் சின்ன எண்ணின் வித்தியாசம்தான். என் வகுப்பில் இதைச் சொன்ன பிறகு சின்ன எண்ணைத் திருத்துகிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்றால் 2 போட்டு எழுது என்கிறார்கள். இரும்புக்கும் மக்னீசியத்துக்கும் போடுவதில்லை. ஏன் என்று கேட்டால் மனப்பாடம் பண்ணு என்கிறார்கள். இதை யார் எண்ணிப் பார்த்தது?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், சாத்தூர்

பதில்: நல்ல கேள்வி தம்பி. உன் வயதில் இதைக் கேட்க வேண்டும். எண்ணிப் பார்க்க உலகத்தின் பெரிய வேதியியலாளர்களுக்கே அரை நூற்றாண்டு பிடித்தது.

இங்கிலாந்தில் ஜான் டால்டன் அணுக்கொள்கையைச் சொன்னபோது, தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றுதான் வைத்துக்கொண்டார். வேறு மாதிரி நினைக்கக் காரணம் இல்லாதபோது எளிமையானதையே எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். 1808-இல் பிரான்சில் கே-லூசாக் வாயுக்களின் கன அளவை அளந்து சொன்ன முடிவு அதோடு முட்டியது. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது. கொஞ்சம் நின்று யோசி. ஒரு பங்கு ஆக்சிஜன் இரண்டு பங்கு நீராவிக்குள் பிரிந்து போயிருக்கிறது. ஒவ்வொரு நீராவித் துகளுக்குள்ளும் ஆக்சிஜன் இருந்தாக வேண்டும். அப்படியானால் ஒவ்வோர் ஆக்சிஜன் துகளும் இரண்டாக உடைந்திருக்க வேண்டும். அணு உடையாது என்று சொன்ன டால்டனால் இதை ஏற்க முடியவில்லை. கே-லூசாக்கின் அளவீட்டையே அவர் சந்தேகப்பட்டார்.

1811-இல் இத்தாலிக்காரர் அவகாட்ரோ வழி சொன்னார். உடைவது அணு இல்லை. ஆக்சிஜன் வாயு இரண்டிரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளாகத்தான் இருக்கிறது, அந்த ஜோடிதான் பிரிகிறது. இதைப் பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு வாய்பாடு எழுதிக்கொண்டு ஐரோப்பிய வேதியியலாளர்கள் திண்டாடினார்கள். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் மாநாடு கூட்டிப் பேசியபோது, கனிசாரோ என்ற இன்னோர் இத்தாலியர் அவகாட்ரோ சொன்னதை எடுத்து நிறுவினார். அவகாட்ரோ அப்போது உயிரோடு இல்லை. அந்த மாநாட்டுக்கு வந்திருந்த இளைஞர்களில் ஒருவர், பிறகு ஆவர்த்தன அட்டவணையைத் தந்த மெண்டலீவ்.

ஆகவே நீ ஆக்சிஜனுக்குப் போடுகிற அந்த 2, அளந்து கண்டுபிடித்த ஒன்று. இப்படி ஜோடியாக இருப்பவை ஏழு: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின். இரும்பிலும் மக்னீசியத்திலும் தனித்தனி மூலக்கூறு என்று எதுவும் கிடையாது. கோடானுகோடி அணுக்கள் அடுக்கடுக்காக ஒரே பாளமாக இருக்கின்றன, எங்கே வெட்டி எண்ணுவது? அதனால் வெறும் குறியீடு மட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ என்று எழுதியிருக்கிறது. எரிந்து தீர்ந்த பிறகு சாம்பல் இல்லை, எதுவும் மிச்சமில்லை. பையனோ ‘வேதிவினையில் நிறை அழியாது’ என்று சத்தம் போட்டுப் படிக்கிறான். அப்படியானால் அந்த 14 கிலோ எங்கே போனது?
— இல்லத்தரசி, மதுரை

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்கள் கடிதம்தான். சமன் செய்யப்பட்ட சமன்பாடு எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல பதிலைப் பாடப்புத்தகத்திலும் பார்க்க முடியாது.

சமையல் வாயுவில் முக்கியமாக இருப்பவை புரோப்பேன், பியூட்டேன். கணக்கு சுலபமாக இருக்க முழுக்க பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பியூட்டேன் மூலக்கூறில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பன் நான்கும் நான்கு கார்பன் டை ஆக்சைடு ஆகும். ஹைட்ரஜன் பத்தும் ஐந்து தண்ணீர் ஆகும். இப்போது வலப்பக்கத்து ஆக்சிஜனை எண்ணுங்கள்: கார்பன் டை ஆக்சைடில் 8, தண்ணீரில் 5, ஆகப் பதின்மூன்று. காற்றில் ஆக்சிஜன் ஜோடியாகத்தான் இருக்கிறது, பதின்மூன்றை ஜோடியாகப் பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிவிட்டால் தீர்ந்தது.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 தண்ணீர்

மூலக்கூறு நிறைகள்: பியூட்டேன் 58, ஆக்சிஜன் 32, கார்பன் டை ஆக்சைடு 44, தண்ணீர் 18. இடப்பக்கம் 116-உம் 416-உம், மொத்தம் 532. வலப்பக்கம் 352-உம் 180-உம், மொத்தம் 532. இந்த விகிதத்தை உங்கள் சிலிண்டருக்குப் போட்டால், 14.2 கிலோ வாயு எரிய ஏறத்தாழ 51 கிலோ ஆக்சிஜன் வேண்டும். எரிந்து வெளியே வருவது சுமார் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 கிலோ நீராவியும். இரண்டு பக்கமும் 65 கிலோ. உங்கள் 14 கிலோ காணாமல் போகவில்லை. காற்றிலிருந்து அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் போயிருக்கிறது.

நீராவி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை அடுப்பில் வைத்தவுடன் வெளிப்பக்கம் முதல் நிமிடம் வியர்த்துப்போகும், கவனித்திருப்பீர்கள். பாத்திரம் ஒழுகுகிறதோ என்று சிலர் நினைப்பார்கள். அது பியூட்டேனில் இருந்த ஹைட்ரஜன், தண்ணீராகி வந்து படிந்தது.

அந்த 13 என்ற எண்ணை மட்டும் மனத்தில் வையுங்கள். இரண்டு மூலக்கூறு வாயுவுக்குப் பதின்மூன்று மூலக்கூறு ஆக்சிஜன். 51 கிலோ ஆக்சிஜன் கிடைக்க ஏறக்குறைய 220 கிலோ காற்று உங்கள் சமையலறைக்குள் வந்தாக வேண்டும். பர்னர் துளை அடைத்துக்கொண்டு காற்று சரியாகக் கலக்கவில்லை என்றால் நீலச் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். எரியாத கார்பன்தான் அந்தக் கரி. கூடவே, முதல் பதிலில் சொன்ன மோனாக்சைடும் வரும். மஞ்சள் சுடரைக் கண்டால் பர்னரைக் கழற்றித் துலக்குங்கள், சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சின்ன அறையில் காற்றும் குறைவு, கதவும் மூடியிருக்கும்.

பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். சமன் செய்யாமல் ஒரு பியூட்டேன், ஓர் ஆக்சிஜன், ஒரு கார்பன் டை ஆக்சைடு, ஒரு தண்ணீர் என்று எழுதி எடையைக் கூட்டச் சொல்லுங்கள். இடப்பக்கம் 90, வலப்பக்கம் 62 என்று வரும். மிச்சம் 28 எங்கே என்று அவனே கேட்கட்டும்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா ஆக்சிஜனுக்கு முன்னால் ½ என்று எழுதுகிறாள். நான் எழுதினால் தப்பு என்கிறார்கள். அரை மூலக்கூறு உண்டா?
— பத்தாம் வகுப்பு மாணவி, பட்டுக்கோட்டை

பதில்: அரை மூலக்கூறு கிடையாது கண்ணு. ஆனால் அரை மோல் உண்டு. மோல் என்பது 6.022 × 10²³ என்ற பெரிய எண்ணிக்கை, அதில் தாராளமாகப் பாதி எடுக்கலாம். உன் அக்கா, ஒரு மோல் தண்ணீர் உண்டாகும்போது எவ்வளவு வெப்பம் வருகிறது என்று கணக்கிடுகிறாள், அதனால் தண்ணீருக்கு முன்னால் 1 இருந்தே ஆக வேண்டும். நீ அரையைப் போட்டுக் கணக்கை முடித்துவிட்டுக் கடைசியில் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி முழு எண்ணாக்கி எழுது.

கேள்வி: எதில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கலைகிறது. அலுமினியம் ஹைட்ராக்சைடும் சல்பியூரிக் அமிலமும் வரும் கணக்கில் ஒரு மணி நேரம் போய்விட்டது. எனக்குக் கணக்கு வராது என்பதால்தான் இதுவும் வரவில்லையா?
— பத்தாம் வகுப்பு மாணவி, பரமக்குடி

பதில்: இதில் இருக்கிற கணக்கு, கூட்டலும் சின்னப் பெருக்கலும்தான். அது உனக்கு வரும். நீ அனுப்பிய தாளைப் பார்த்தேன். அலுமினியம் சல்பேட்டுக்கு ஓர் அலுமினியம், ஒரு சல்பேட் என்று எழுதியிருக்கிறாய். அங்கேயே வழி அடைத்துவிட்டது. வாய்பாடு தவறாக இருந்தால் ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாள் உட்கார்ந்தாலும் சமன் ஆகாது. தப்பித் தவறிச் சமன் ஆகிவிட்டாலும் அது வேறு ஏதோ ஒன்றின் சமன்பாடாக இருக்கும். இத்தனை ஆண்டு விடைத்தாள் திருத்தியதில் நான் கண்டது இதுதான்: ‘சமன் செய்ய வரவில்லை’ என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உண்மையில் வராதது இணைதிறன், அதாவது ஓர் அணுவோ அணுக்கூட்டமோ மற்றவற்றோடு சேர எத்தனை கை நீட்டும் என்ற எண். அதைச் சரிசெய்யாமல் சமன்பாட்டுப் பயிற்சியை மட்டும் மலையாகக் கொடுப்பது பிள்ளையை வதைப்பது.

அலுமினியத்தின் இணைதிறன் 3, சல்பேட்டுக்கு 2. குறுக்காக மாற்றி எழுது: அலுமினியம் 2, சல்பேட் 3. சல்பேட்டை அடைப்புக்குறிக்குள் போட்டு வெளியே 3. ஹைட்ராக்சைடுக்கு இணைதிறன் 1, ஆகவே அலுமினியம் ஹைட்ராக்சைடில் ஓர் அலுமினியத்துக்கு மூன்று ஹைட்ராக்சைடு. சல்பியூரிக் அமிலத்தில் ஹைட்ரஜன் 2, சல்பேட் 1. இவ்வளவும் சரியாக எழுதிவிட்டாயா? இனி பார்.

சல்பேட்டைக் கந்தகம், ஆக்சிஜன் என்று பிரித்து எண்ணாதே. இரண்டு பக்கமும் அது உடையாமல் வருகிறது, ஒரே ஆளாக எண்ணு. வலப்பக்கம் அலுமினியம் 2 இருப்பதால் இடப்பக்கம் அலுமினியம் ஹைட்ராக்சைடு 2. வலப்பக்கம் சல்பேட் 3 இருப்பதால் அமிலம் 3. இப்போது இடப்பக்கத்து ஹைட்ரஜன்: ஹைட்ராக்சைடுகளில் 6, அமிலத்தில் 6, மொத்தம் 12. பன்னிரண்டு ஹைட்ரஜனுக்கு ஆறு தண்ணீர்.

2 அலுமினியம் ஹைட்ராக்சைடு + 3 சல்பியூரிக் அமிலம் → 1 அலுமினியம் சல்பேட் + 6 தண்ணீர்

ஆக்சிஜனை நாம் தொடவே இல்லை. சரிபார்க்க மட்டும் எண்ணு: இடப்பக்கம் 6-உம் 12-உம் பதினெட்டு, வலப்பக்கம் 12-உம் 6-உம் பதினெட்டு.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கலைகிறது என்றாயே, அதற்குக் காரணம் நீ ஆக்சிஜனில் ஆரம்பித்தது. அது நாலு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு பொருளில் மட்டும் இருக்கிற தனிமத்தில் ஆரம்பி, பெரும்பாலும் அது உலோகமாக இருக்கும். எந்தத் தனிமம் தனியாக நிற்கிறதோ, வெறும் ஆக்சிஜன் வாயு, வெறும் ஹைட்ரஜன் வாயு போல, அதைக் கடைசிக்கு விடு. அதன் முன்னால் எந்த எண்ணைப் போட்டாலும் வேறு எதுவும் கலையாது. காய்ச்சிய இரும்பின் மேல் நீராவி பட்டுக் கருப்பு இரும்பு ஆக்சைடும் ஹைட்ரஜனும் வரும் சமன்பாட்டை நீயே சமன் செய்து பார். அந்த ஆக்சைடில் இரும்பு 3, ஆக்சிஜன் 4. விடை 3, 4, 1, 4 என்று வர வேண்டும்.

கேள்வி: சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும் சமன்பாட்டில் எந்த எண்ணும் போடாமலே எல்லாம் சரியாக வருகிறது. எதையோ விட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.
— மாணவன், அரியலூர்

பதில்: எதையும் விடவில்லை. எல்லாமே ஒன்று ஒன்று. 100 கிலோ தூய கால்சியம் கார்பனேட் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகவும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். உங்கள் ஊர் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிகள் வழியே எரிபொருளின் புகையோடு கல்லிலிருந்து பிரிந்த இந்த வாயுவும் போகிறது. எண் போட வேண்டியதில்லை என்று கண்டுபிடிப்பதும் சமன் செய்ததுதான்.

கேள்வி: மலைக் கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். ஆய்வகம் என்று பெயருக்கு ஓர் அலமாரி. தராசு கிடையாது. சமன்பாட்டைக் கரும்பலகையில் மட்டும் நடத்தினால் பிள்ளைகள் எண் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
— ஆசிரியை, நீலகிரி மாவட்டம்

பதில்: தங்கச்சி, சோடா பாட்டில் மூடிகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். கூடவே புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, மக்காச்சோளம். புளியங்கொட்டை ஆக்சிஜன், சோளம் ஹைட்ரஜன், வேப்பங்கொட்டை நைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூடி ஒரு மூலக்கூறு. தரையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு இடப்பக்கம் மூடிகளை அடுக்கச் சொல்லுங்கள். விதி ஒன்றுதான்: எத்தனை மூடி வேண்டுமானாலும் கொண்டுவரலாம், ஒரு மூடிக்குள் விதையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பிறகு இடப்பக்கத்து விதைகளையெல்லாம் எடுத்து வலப்பக்கத்தில் புது மூடிகளில் கட்ட வேண்டும். நைட்ரஜன் ஒரு மூடி, ஹைட்ரஜன் ஒரு மூடி வைத்து, ஒரு நைட்ரஜனுக்கு மூன்று ஹைட்ரஜன் கொண்ட அம்மோனியா கட்டப் போனால் முதல் மூடியிலேயே சோளம் போதாது. பிள்ளைகளே ‘டீச்சர், இன்னும் ஹைட்ரஜன் வேணும்’ என்று கேட்பார்கள். மூன்று மூடி ஹைட்ரஜன் வந்ததும் இரண்டு அம்மோனியா நிறையும், கையில் ஒரு விதைகூட மிஞ்சாது. தூத்துக்குடி உரத் தொழிற்சாலையில் யூரியாவுக்கான அம்மோனியா இந்த விகிதத்தில்தான் உருவாகிறது என்று அப்போது சொல்லுங்கள், நிற்கும்.

நிறை மாறாது என்பதைக் காட்ட, 0.1 கிராம் வரை காட்டும் கையடக்க டிஜிட்டல் தராசு ஒன்று போதும். ஒரு லிட்டர் குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். கால் டீஸ்பூன் சமையல் சோடாவை டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கழுத்தில் செருகி, மூடியை இறுக்கித் திருகி எடை போடுங்கள். பாட்டிலைச் சாய்த்தால் பொங்கும். பொங்கி அடங்கியபின் மூடியைத் திறக்காமல் மறுபடி எடை போடுங்கள், மாறியிருக்காது. இப்போது மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று வாயு போகும், எடை சற்றுக் குறையும். சோடாவின் அளவைக் கூட்ட வேண்டாம், அழுத்தம் ஏறும்.

இதை பலூன் மாட்டிச் செய்யச் சொல்லிப் பலர் தருகிறார்கள். எடை போடுவதற்கு அது வேண்டாம். பலூன் உப்பினால் அது விலக்குகிற காற்றின் எடை அளவுக்குத் தராசில் குறைத்துக் காட்டும், ஒரு லிட்டர் உப்பினால் ஒரு கிராமுக்கும் மேல். நிறை மாறவில்லை என்று காட்டப் போய், மாறியதாகக் காட்டிவிடுவோம். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1774-இல் வெள்ளீயத்தை மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் காய்ச்சி எடை போட்டபோது கையாண்டதும் இதே கவனம்தான். மூடியிருந்தவரை எடை மாறவில்லை. திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, அதன் பிறகே எடை கூடியது.

கேள்வி: தாமிரத்தோடு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால் தாமிர குளோரைடும் ஹைட்ரஜனும் வரும் என்று எழுதி, 1, 2, 1, 1 என்று சரியாகச் சமன் செய்தேன். தவறு என்கிறார்கள். நீர்த்த நைட்ரிக் அமிலத்தோடு என்றால் எண்களே பிடிபடவில்லை.
— பாலிடெக்னிக் மாணவன், சேலம்

பதில்: எண்கள் சரி தம்பி, ஆனால் அப்படி ஒரு வினை நடப்பதில்லை. செம்புக் கம்பியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுப் பார், ஒரு குமிழ் வராது. துத்தநாகத்தைப் போடு, உடனே பொங்கும். உலோகங்களை வினைபுரியும் ஆற்றலின்படி மேலிருந்து கீழாக அடுக்கிய வினைத்திறன் வரிசையில் துத்தநாகம் ஹைட்ரஜனுக்கு மேலே, தாமிரம் கீழே. எண்களைப் பொருத்திவிட்டால் மட்டும் இயற்கை அதைச் செய்துவிடாது. முதலில் வினை நடக்கிறதா, என்ன வருகிறது என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகு சமன் செய்.

நீர்த்த நைட்ரிக் அமிலம் தாமிரத்தைக் கரைக்கும். ஆனால் அங்கேயும் வருவது ஹைட்ரஜன் இல்லை. தாமிர நைட்ரேட், நைட்ரிக் ஆக்சைடு, தண்ணீர். கண்ணால் பார்த்து எண் போடுவது இங்கே கஷ்டம், ஏனென்றால் நைட்ரஜன் வலப்பக்கம் இரண்டு பொருளில் இருக்கிறது. இயற்கணிதத்தைக் கூப்பிடு. தாமிரம் அ, அமிலம் ஆ, தாமிர நைட்ரேட் இ, நைட்ரிக் ஆக்சைடு ஈ, தண்ணீர் உ என்று வைத்துக்கொள்.

தாமிரத்தை எண்ணினால்: அ = இ
ஹைட்ரஜன்: ஆ = 2உ
நைட்ரஜன்: ஆ = 2இ + ஈ
ஆக்சிஜன்: 3ஆ = 6இ + ஈ + உ

உ என்பது ஆ-வில் பாதி. ஆக்சிஜன் வரியில் அதைப் போட்டால் 2.5ஆ = 6இ + ஈ. ஆ-வுக்குப் பதில் 2இ + ஈ போடு: 5இ + 2.5ஈ = 6இ + ஈ. அதாவது இ = 1.5ஈ. ஈ-க்கு 2 வைத்தால் இ 3, ஆ 8, உ 4.

3 தாமிரம் + 8 நைட்ரிக் அமிலம் → 3 தாமிர நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 தண்ணீர்

எட்டு அமில மூலக்கூறில் ஆறு, நைட்ரேட்டாகவே தாமிரத்தோடு போய்விட்டன. இரண்டு மட்டும்தான் வாயுவாக மாறின. அடர் அமிலத்தில் இந்த விகிதமே வேறு, வாயுவும் வேறு: 1, 4, 1, 2, 2 என்று வரும், வெளிவருவது நைட்ரஜன் டை ஆக்சைடு. இதே முறையில் அதையும் போட்டுச் சரிபார். ஆய்வகத்தில் இரண்டில் எதைச் செய்தாலும் புகைக்கூண்டுக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். நைட்ரிக் ஆக்சைடு நிறமற்றது, ஆனால் காற்றுப் பட்டதும் அதுவும் பழுப்புநிற டை ஆக்சைடாகி நுரையீரலைப் பாதிக்கும்.